தோளில் நீலப் பட்டை

அன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் எடிட்டிங் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, மூத்த மகன் பெரியவன், அவன் மனைவியான என் மருமகள். ஐந்தாவது ஆள் கிடையாது. பின்னால் யார் யாரோ கூட இருந்து பார்த்ததுபோலப் பேச்சு கிளம்பியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஒரே அடுப்பில் சாப்பிட்டு ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பெரியவன் கேமரா. மருமகள் எடிட்டிங். என் மனைவி, பேட்டி கொடுப்பவர்களின் முகத்தில் எண்ணெய் வழியாமல் பவுடர் ஒற்றி, கலைந்த தலையைச் சரிசெய்து உட்கார வைப்பாள். முதலில் போய்ப் பேசுவதும், கையெழுத்து வாங்குவதும், வாக்குக் கொடுப்பதும் என் வேலை.

அதற்கு முந்தின வாரம் சலவைக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி இதே அறையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நூற்றெண்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் சலவைக்கூடம் அது. ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் விடுதித் துண்டுகளையும் வெளுத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கிறார்கள். தொழிலாளியும் அவர்களே, முதலாளியும் அவர்களே. புது உறுப்பினர்கள் சேர வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நம்ப வேண்டும் என்பதற்காக மூன்று நிமிட வீடியோ கேட்டார்கள்.

தலைவி ஒரே ஒரு குறைதான் சொன்னார். குண்டக்கா என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடும் பெண் ஷூட்டிங் நாளில் மத்தியானம் முழுவதும் கேமராவுக்கு எதிரிலேயே நின்றாராம், ஓரிடத்திலும் காணவில்லையாம். அவர் முகம் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றேன் நான். "குண்டக்காவா? நல்லா சொன்னீங்க போங்க" என்று தலைவி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது, யோசித்திருக்க வேண்டும்.

எங்களுடைய முறை இது. எந்த இடத்துக்குப் போனாலும் காலையில் நான் தனியாக ஒரு மூலையில் நிற்பேன். முகம் வர வேண்டாம் என்பவர்கள் என்னிடம் வந்து சொல்லலாம். காரணம் கேட்கமாட்டேன். இடது தோளில் விரல் நீளத்துக்கு ஒரு நீலப் பட்டை ஒட்டிவிடுவேன். பட்டை தெரிகிற ஷாட் எதுவாக இருந்தாலும் மருமகள் வெட்டிவிடுவாள். அந்தப் பட்டைக்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்களிடம் சொல்வதில்லை. பெயரையும் எழுதி வைப்பதில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்கும் மருமகளுக்கும் இரண்டு வாரமாகச் சரியான பேச்சு இல்லை. பட்டை மட்டும் போதாது, முகத்தை ஒரு படம் எடுத்துப் பட்டியலாகக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். ஒளிந்து வாழ்கிறவர்களின் பட்டியலை நாமே எழுதி வைப்பதா, நாளைக்கு அது யார் கையில் கிடைக்கும் என்று நான் மறுத்தேன். முப்பது வருஷமாக இல்லாத பட்டியல் இனி எதற்கு என்றும் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன் வந்தபோது மணி ஒன்பது நாற்பது.

சங்கம் தன் இணையப் பக்கத்தில் வீடியோவை வெளியிட்டது முந்தின நாள் மாலைதான். அதற்குள் ஒருவர் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறார் என்றதும் எனக்குப் பெருமை. குரலில் அவ்வளவு மரியாதை. வீடியோவை நாலு தடவை பார்த்தேன் ஐயா என்றார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். பாராட்டை மருமகளும் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். நேரே அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு நாற்பது அறையுள்ள லாட்ஜ் ஒன்று இருக்கிறதாம். துணிகளை இவர்களிடமே போடலாமென்று இருக்கிறாராம். இடத்தை நேரில் பார்த்துவிட்டால் தேவலை என்றார். நான் சொன்னேன். பஸ் டிப்போவுக்குப் பின்புறம், பச்சைத் தகரக் கூரை. முன் கேட்டு லாரிக்கு மட்டும், ஆட்கள் போவதும் வருவதும் பின் கேட்டு வழியாக. ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும், அதற்கு முன்னால் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். இவ்வளவையும் அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"ஒரு நிமிஷம் பதினாலாவது விநாடியில ஒரு அம்மா போர்வை மடிக்கிறாங்களே ஐயா, அவங்க தினமும் வர்றவங்கதானா?"

"எங்க வீடியோவுல வர்ற எல்லாரும் உண்மையான உறுப்பினர்கள். ஆள் வச்சு நடிக்க வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பெயர் சொல்லவில்லை.

நான் மற்றவர்களைப் பார்த்தேன். பெரியவன் சிரித்துக்கொண்டிருந்தான். மருமகள் சிரிக்கவில்லை.

"மாமா, லாட்ஜ் நடத்துறவருக்கு விநாடிக் கணக்கு எதுக்கு?"

அவள் கை ஏற்கெனவே அந்த இடத்துக்குப் போயிருந்தது. ஒரு நிமிஷம் பதினான்கு. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒல்லியான பெண். போர்வையின் இரண்டு மூலைகளைச் சேர்த்து, நெஞ்சோடு வைத்து, கீழ்ப்பக்கத்தை எட்டி எடுக்கிறார். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, நிமிர்ந்து சிரிக்கிறார். இரண்டரை விநாடி. வீடியோவிலேயே அழகான ஷாட் அதுதான். தோளில் பட்டை இல்லை.

என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இந்தப் பொண்ணுதானே அன்னிக்கு உங்ககிட்ட வந்து நின்னுச்சு? எனக்குப் பவுடர் வேண்டாம்மா, நான் வரமாட்டேன்னு சொல்லுச்சே."

இருக்காது என்றேன். நானே என் கையால் பட்டை ஒட்டினேன் என்றேன். 

மருமகள் பழைய ஷாட்டுகளைத் திறந்தாள். காலையில் எல்லோரும் உள்ளே வருகிற ஷாட். அந்தப் பெண்ணின் இடது தோளில் நீலப் பட்டை. பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்த மடிப்பு மேசை ஷாட்டுகள். நீலப் பட்டை இருக்கிறது. குண்டக்காவின் தோளில் இருக்கிறது. அவர் அதைக் கேமராவுக்கு நன்றாகக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சாப்பாட்டு அறைக்குக் கோட்டோட போகக் கூடாதும்மா" என்றான் பெரியவன், அம்மாவைப் பார்த்து, மெதுவாக. "வெளிய ஆணியில மாட்டிட்டுப் போவாங்க. திரும்பி வரும்போது கைக்குக் கிடைச்சதைப் போட்டுக்குவாங்க. எல்லாம் ஒரே அளவு. கோட்டு யாருக்கும் சொந்தமில்ல, சங்கத்துக்குச் சொந்தம்னு தலைவியே பேட்டியில சொல்றாங்களே."

அந்த வரியை வீடியோவின் முதல் வாசகமாக வைக்கச் சொன்னதும் நான்தான்.

ஷூட்டிங் நாளில் அந்தப் பெண் என்னிடம் சொன்னது மூன்று வாக்கியம். என்னைக் காட்டாதீங்க ஐயா. ஒருத்தர் கண்ணுல படக்கூடாது. உங்க வயசை நம்பிச் சொல்றேன். நான் பட்டையை ஒட்டிவிட்டு, உங்க முகம் வராது, இது என் வாக்கு என்றேன். எங்கள் குடும்பத்தில் வாக்கு என்று சொல்லிவிட்டு மாறியதில்லை.

உடனே வீடியோவை நீக்கப் பார்த்தோம். அது சங்கத்தின் பக்கம். பாஸ்வேர்டு தலைவியிடம் இருக்கிறது. தலைவியோ அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிவரை போனை அணைத்திருப்பேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். சலவைக்கூடத்து எண்ணுக்கு அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து இயந்திரம் ஓடுகிற கூடத்தில் அது யார் காதில் விழும்?

போலீஸுக்குச் சொல்லலாம் என்றாள் என் மனைவி. என்னவென்று சொல்வது என்று கேட்டான் பெரியவன். ஒருவர் கூப்பிட்டு வீடியோவைப் பாராட்டினார் என்றா? அவன் கேட்டதில் தப்பில்லை. நடந்தது என்று காட்ட எதுவும் இல்லை. 

நானும் மனைவியும் பெரியவனும் வேனில் கிளம்பினோம். கேமரா எப்போதும் வேனிலேயே இருக்கும். மருமகள் தலைவியைப் பிடிக்கும் வரை போனோடு இருப்பதாகச் சொன்னாள். வாசலில் என்னை நிறுத்தி, அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். எடுக்காதே என்றேன்.

"எடுத்தாத்தான் மாமா அவன் எங்க இருக்கான்னு தெரியும்" என்றாள். 

வழக்கமாக அரை மணி நேரம் ஆகும் வழி. அன்று ரயில்வே கேட்டு போட்டிருந்தார்கள். ஒரு சரக்கு ரயில், அதற்கு முடிவே இல்லாததுபோல. பெட்டி பெட்டியாக எண்ணி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்தேன். அந்தக் குரலுக்கு நான் எந்த முகத்தை வைத்துத் தேடுவது? பெரியவன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டாதேடா என்றாள் அவன் அம்மா. அவள் மடியில் பவுடர்ப் பெட்டி. பழக்க தோஷத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கேட்டு திறந்த நேரத்தில் மருமகள் கூப்பிட்டாள். அவன் மறுபடி பேசினான் என்றாள். சலவைக்கூடத்துக்கு இன்று விடுமுறை, நாளைக்குப் போங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் சிரித்தானாம்.

"பெரியவர் மூணு மணி வரைக்கும் வேலைன்னு சொன்னாரேம்மா, பெரியவர் பொய் சொல்ற ஆளாத் தெரியலையே அப்படின்னான் மாமா."

நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"இன்னொண்ணு. அவன் பேசும்போது பின்னால பாய்லர் விசில் கேட்டுச்சு. பேட்டி ஒவ்வொண்ணுலயும் அந்த விசிலை வெட்டி வெட்டிப் பத்து நாள் காது புளிச்சுப்போச்சு எனக்கு. நல்லாத் தெரியும். அவன் அங்கதான் இருக்கான்."

பெரியவன் வேனை விரட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின் கேட்டு என்று நான் சொன்னது என் காதுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

லாரிக் கேட்டில் சரக்கு இறக்கும் கங்காணிக்கு எங்கள் வேனைத் தெரியும். மறுபடி ஷூட்டிங்கா என்று கேட்டுக்கொண்டே திறந்துவிட்டார். உள்ளே நீராவியும் சோப்பு வாடையும். மடிப்பு மேசையில் எட்டுப் பேர். எல்லோரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. ஒரு கணம் எனக்கு யாரையும் தெரியவில்லை. என் மனைவிதான் நேரே நடந்துபோய் ஒரு தோளைத் தொட்டாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த போர்வையை மேசைமேல் வைத்தார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பட்டை இடம் மாறியதைச் சொன்னேன், வீடியோவில் முகம் வந்ததைச் சொன்னேன், காலையில் ஒருவர் கூப்பிட்டதைச் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதைக்கூடக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?" என்று கேட்டார்.

மூவாயிரத்துச் சொச்சம் என்றேன்.

"ஒருத்தர் போதும்" என்றார். பிறகு, "போன்ல ரொம்ப மரியாதையாப் பேசினாரா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவர்தான். என் வீட்டுக்காரர்."

அவர் அழவில்லை. கோட்டைக் கழற்றினார். கழற்றியதை மடித்தார். மூலையோடு மூலை சேர்த்து, நெஞ்சில் வைத்து.  மடிப்பு கோணலாகப் போயிற்று.

பக்கத்தில் நின்ற குண்டக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அன்று தோளில் பட்டையைப் பார்த்ததும், முக்கியமாக எடுக்க வேண்டியவர்களுக்கு அடையாளம் போல, அதிர்ஷ்டம் நமக்குத்தான் என்று நினைத்தாராம். அதனால்தான் கேமராவை விட்டு நகராமல் நின்றாராம். "நான் ஒரு மடச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பின் கேட்டில் வாட்ச்மேனின் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். தலைவியைப் பார்க்க வந்த வியாபாரி, வரும்வரை காத்திருக்கிறேன் என்றாராம்.

அந்த ஆள் எழுந்து முன்பக்கம் வந்தால் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வேன் வெளியே போக முடியாது. யாராவது அவரைப் பின் கேட்டிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

"நான் போறேன்" என்றேன். "என் குரல்தான் அவருக்குத் தெரியும்."

பெரியவன் வேன் சாவியைச் சரக்கு இறக்கும் கங்காணியிடம் கொடுத்தான். அவருக்கு லாரியே ஓட்டத் தெரியும். அவன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தான். என் மனைவி பவுடர்ப் பெட்டியைக் குண்டக்காவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் கேட்காமல் அவள் எங்கும் கிளம்பியதில்லை. அன்று கேட்கவில்லை.

பின் கேட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே அறுபது அடி இருக்கும். நடந்து போனேன்.

அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். காலையில் பேசிய ஐயாவா என்று குரலை வைத்தே கண்டுபிடித்தார். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். நான் உட்கார்ந்தேன். மரியாதைக்காக இல்லை. நான் உட்கார்ந்தால் அவரும் நகரமாட்டார் என்று.

அவர் போனை நீட்டினார். ஒரு நிமிஷம் பதினான்கில் நிறுத்தி வைத்திருந்தார்.

"இவங்க மடிக்கிறதைப் பாருங்கய்யா. மூலையோட மூலை வச்சு, நெஞ்சோட சேர்த்து. எங்க வீட்லயும் ஒருத்தங்க இப்படித்தான் மடிப்பாங்க." நிதானமாகச் சொன்னார். "இவங்க பேரு என்ன?"

வாட்ச்மேன் கேட்டுக்கொண்டு நின்றார். பெரியவன் என் பின்னால் இருந்தான். கூடத்துக்கு அந்தப் பக்கம் வேன் கிளம்பும் சத்தம் எப்போது கேட்குமோ என்று என் காது முழுக்க அங்கேயே இருந்தது.

எங்களைச் சங்கங்கள் தேடி வருவதற்குக் காரணம் ஒன்றுதான். நாங்கள் காட்டும் உறுப்பினர் உண்மையான உறுப்பினர். வெளியாள் முகத்தைக் கொண்டுவந்து ஒட்டமாட்டோம். பலமுறை நஷ்டப்பட்டும் அதைக் காப்பாற்றியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு நான் விட்டுப்போக வேறு சொத்தும் இல்லை.

"அது நடிகை" என்றேன்.

அவர் கண் அசையாமல் என்மேல் நின்றது. "நடிகையா?"

"இங்க உள்ளவங்களுக்குக் கேமரா முன்னாடி வெட்கம். வெளியிலருந்து நாலு பேரைக் கூட்டிட்டு வந்தோம். ஒரு நாள் வேலை."

"காலையில நடிக்க வைக்கிற பழக்கமே கிடையாதுன்னு சொன்னீங்களே."

"வாடிக்கை பிடிக்கச் சொல்றதுதான் தம்பி" என்றேன். "விளம்பரம்தானே."

 பெரியவன் முன்னால் வந்து, வந்தது வந்துவிட்டீர்கள், சங்கத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளராக இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேமராவைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஆள் சட்டென்று கையால் முகத்தை மறைத்தார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்றபோதுதான் அந்தக் குரலில் மரியாதை ஒரு நூல் குறைந்தது.

பாய்லர் விசில் ஊதியது. நீளமாக, காது வலிக்க. அது அடங்கியபோது லாரிக் கேட்டு மூடப்படும் சத்தம் கேட்டது. வேன் போயிருந்தது.

அவருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நடிகைன்னா நல்லதாப் போச்சுய்யா. எங்க லாட்ஜ் விளம்பரத்துக்கும் அவங்களையே போட்டுக்கலாம். நம்பர் குடுங்க."

ஸ்டுடியோவில்தான் இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப நாளைக்குக் காலையில அங்கயே வர்றேன். விலாசம்தான் வீடியோ கடைசியில போட்டிருக்கீங்களே. வீட்ல எல்லாரும் சேர்ந்து வேலை பார்க்கிறீங்க போல. அந்தம்மா குரல் கூடக் கேட்டேன்."

தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும்வரை ஒரு தடவைகூட வேகமாக நடக்கவில்லை. என் மருமகளைத்தான் அந்தம்மா என்றார் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

அந்தப் பெண்ணை என் மனைவி எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்பதை யார் கேட்டும் நாங்கள் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. சேர்ந்தாயிற்று என்று மட்டும் போன் வந்தது. பன்னிரண்டு பத்துக்கு மருமகள் தலைவியைப் பிடித்தாள். பன்னிரண்டேகாலுக்கு வீடியோ பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. பெரியவன் எடுத்த ஒன்பது விநாடியில் அந்த ஆளின் முகம் கை மறைப்பதற்கு முன் தெளிவாக விழுந்திருந்தது. அவன் அதைப் போனில் அனுப்ப, மருமகள் தலைவிக்கும் இரண்டு கேட்டிலும் இருப்பவர்களுக்கும் அனுப்பினாள்.

ஆனால் ஒரு மணிக்குள் சாப்பாட்டு அறையில் வேறு பேச்சு வந்துவிட்டது. வாட்ச்மேன் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோக்காரர்கள் நடிகைகளை வைத்துப் படம் எடுத்து நம் பெயரில் போட்டுவிட்டார்கள் என்று சிலர். இன்னும் சிலர், உள் விஷயம் தெரிந்தவர்கள்போல, எடிட்டிங் பண்ணும் அந்த மருமகள்தான் அசட்டையாகப் பட்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டாள், கூடவே இருந்த மாமனார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தலைவியே என்னிடம் வந்து அதைத்தான் சொன்னார். வயசுப் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். எனக்குச் சாதகமான பேச்சுதான். பேசாமல் இருந்திருந்தால் குடும்பத் தலைவன் பெயர் கெடாது.

நான் சாப்பாட்டு அறைக்குள் போனேன். வாசலில் ஆணிகளில் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. மருமகளைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மேசைமேல் வைத்தேன். என்ன மாமா என்றாள். கேட்டுக்கொண்டிரு என்றேன்.

எழுபது எண்பது பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நடிகை என்ற பேச்சை மட்டும், அந்த ஆள் நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டுப் போகும் வரை, யாரும் வெளியே மறுக்க வேண்டாம், வாசலில் யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள், அதனால் எங்கள் பெயர் போனால் போகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு இதைச் சொன்னேன்.

"என் மருமகள் அசட்டையா இருந்தாள்னு ஒரு பேச்சு இருக்கு. அது உண்மை இல்லை. பட்டையைக் கோட்டுல ஒட்டினது நான். அவள் கேட்ட பட்டியலைத் தரமாட்டேன்னு சொன்னது நான். காலையில அந்த ஆளுக்கு இடத்தையும் கேட்டையும் நேரத்தையும் சொன்னதும் நான்தான். நான் வெட்டச் சொன்னதைத்தான் அவள் வெட்டினாள்."